காப்புக் கட்டிய கையோடு ஒரு கிளவுடு பரீட்சை

நாற்பத்து நாலு வயதில் பரீட்சைக்குப் படிக்கிறவனுக்கு வீட்டில் தனி மரியாதை உண்டு. டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். காபி மாடிக்கே வரும். அவன் இல்லாத இடத்தில் "பாவம்" என்று ஒரு சொல் சொல்வார்கள். எனக்கு மூன்றும் கிடைத்தன. மூன்றாவது மட்டும் நான் இருக்கிற இடத்திலேயே கிடைத்தது.

கம்ப்யூட்டர் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். என்ன வேலை என்று ஊரில் ஒருவருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை. பெரிய கம்பெனிகளின் சர்வர்கள் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது, நின்றுபோனால் நிறுத்தியது நான் இல்லை என்று நிரூபிப்பது. இரண்டாவதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். குடியிருப்பது கோவில்பட்டியில், மாமனார் வீட்டு மாடியில். வீட்டோட மாப்பிள்ளையா என்று கேட்கிறவர்களிடம், இல்லை, மாடியோட மாப்பிள்ளை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. வேலை கிடைத்த நாளிலிருந்து ஒன்பது வருஷம் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நான் சென்னையில். மகள் இங்கே, தாத்தா பாட்டியிடம். மூன்று பேர், மூன்று ஊர். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கூடி, யார் இளைத்திருக்கிறார்கள் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மறுபடி மூன்று பஸ் ஏறுவோம். போன ஜூனில்தான் அவளுக்கு எட்டயபுரம் பக்கத்துக்கு மாறுதல் கிடைத்தது. கம்பெனி என்னை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லியிருந்தது. நானும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மகள் ஏழாவது படிக்கிறாள். தன் அப்பாவுக்குக் குறட்டை உண்டு என்பதை அந்த வருஷம்தான் தெரிந்துகொண்டாள்.

அப்படி ஒரு கூரைக்குக் கீழே ஆறு மாதம் ஓடியது. ஏழாவது மாதத்தில் மேனேஜரிடமிருந்து மெயில் வந்தது.

மேனேஜர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். நல்ல பெண். கெட்ட சேதியை நல்ல எழுத்துருவில் அனுப்பத் தெரிந்தவர். நான் இருந்த பழைய பிராஜெக்ட் மூடப்படுகிறது. புதிதாக ஒரு கிளவுடு பிராஜெக்ட் வருகிறது; எங்கோ இருக்கிற வாடகை சர்வர்களில் இணையம் வழியாக நடக்கிற வேலை. அதில் சேருகிறவர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். ஆனால் சேர்வதற்கு மார்ச் முப்பத்தொன்றுக்குள் இன்ன கிளவுடு சான்றிதழ் பரீட்சையில் தேறியிருக்க வேண்டும். மற்றவர்கள் ஏப்ரலிலிருந்து சென்னை அலுவலகத்துக்கு வந்து உட்கார வேண்டும். கடைசி வரியில், இதை ஒரு வாய்ப்பாகப் பார்க்கவும் என்றிருந்தது. பத்தொன்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன்: ஆபீஸ் மெயிலில் வாய்ப்பு என்ற சொல் வந்தால், பெட்டி படுக்கை எங்கே இருக்கிறது என்று ஒரு தரம் பார்த்துக்கொள்வது நல்லது.

மனைவியிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள்.

"பாஸாயிட்டா இங்கனயே இருக்கலாம், அப்படித்தான?"

"அப்படித்தான்."

"அப்பப் படிங்க," என்று சொல்லிவிட்டு, நாலாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்கிற தோரணையில் என் மேஜையிலிருந்த செல்போனை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

சான்றிதழ் எனக்குப் புதிது இல்லை. ஏழு வைத்திருக்கிறேன். ஐந்து காலாவதியாகிவிட்டது. எங்கள் தொழிலில் படிப்புக்கும் மாத்திரை அட்டை மாதிரி தேதி போட்டுத்தான் கொடுப்பார்கள். மாமனார் அந்த ஏழையும் பஜாரில் லேமினேஷன் போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு படிச்சிட்டு ஏன் மாடில இருக்காரு?" என்று அவரிடமே கேட்பார்கள்.

ஏழில் முதலாவது மட்டும் நிஜமாகவே எனக்குச் சோறு போட்டது. அதை மறுக்க மாட்டேன். நாகலாபுரம் பக்கத்து மானாவாரிக் கிராமம் என்னுடையது. மழை பெய்யுமென்று நம்பி விதைப்பதும், பெய்யாவிட்டால் அடுத்த வருஷத்தை நம்புவதும்தான் எங்கள் வேளாண்மை. அங்கிருந்து ஒரு பி.எஸ்சி.யைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போனேன். நேர்முகத் தேர்வுகளில் கல்லூரிப் பெயரைப் படித்துவிட்டு, "இது எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள். நான் கோவில்பட்டியிலிருந்து ஆரம்பித்து வழி சொல்லிக்கொண்டிருப்பேன். வழி கேட்டவர்களில் ஒருவரும் வேலை கொடுத்ததில்லை. அப்புறம் எட்டு மாதம் ராப்பகலாகப் படித்து ஒரு சர்வர் பரீட்சையில் தேறினேன். அடுத்த இடத்தில் அந்தத் தாளைப் பார்த்ததும், கல்லூரி எங்கே இருக்கிறது என்று நேர்முகம் கண்டவர் கேட்கவே இல்லை. பிணங்கி நிற்கிற கதவுக்கு எண்ணெய் விட்டதுபோல இருந்தது. வழி சொல்லத் தெரியாதவர்களுக்கும் பேச்சு வராதவர்களுக்கும் அந்தத் தாள் பேசும். அதற்கு அந்த மதிப்பு உண்டு.

மற்ற ஆறும் அப்படி இல்லை. சம்பள உயர்வுப் பேச்சு வரும்போதெல்லாம் ஒன்று எழுதச் சொல்வார்கள். எழுதுவோம். படித்து இல்லை. எங்கள் தொழிலில் 'டம்ப்' என்று ஒரு சரக்கு உண்டு. முந்தைய பரீட்சைகளில் வந்த கேள்விகளை யாரோ திருட்டுத்தனமாகச் சேர்த்து, விடையோடு பி.டி.எஃப். ஆக்கி உலவ விட்டிருப்பார்கள். அதை மனப்பாடம் பண்ணினால் போதும். நமக்கு மனப்பாடம் கைவந்த கலைதானே. கேள்வியின் முதல் மூன்று சொல்லைப் பார்த்ததும் என் விரல் தானாக மூன்றாவது விடைக்குப் போய்விடும். கேள்வி எதைப் பற்றியது என்று கேட்டால் தெரியாது.

அதன் பலனையும் அனுபவித்தேன். ஒருமுறை வெளிநாட்டு வாடிக்கையாளருடன் அழைப்பு. எங்கள் ஆள் ஒருவர், "இவர் இந்தத் தகவல் சேமிப்பு அமைப்பில் சான்றிதழ் பெற்ற நிபுணர்," என்று என்னை அறிமுகப்படுத்தினார். அந்த அமைப்பை நான் படத்தில்கூடப் பார்த்தது கிடையாது. வாடிக்கையாளர் சந்தோஷமாக ஒரு சந்தேகம் கேட்டார். நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி, வாயால் கரகரவென்று சத்தம் கொடுத்து, போனை வைத்தேன். அந்தச் சத்தத்துக்கு மட்டும் ஒரு பரீட்சை வைத்திருந்தால் நான் முதல் வகுப்பு.

இந்தத் தடவை டம்ப் எடுபடாது. ஆறு மாதத்துக்கு முன் எங்கள் குழுவில் இரண்டு பேர் அப்படி எழுதி மாட்டிக்கொண்டு, வாங்கின சான்றிதழையும் பறிகொடுத்தார்கள். அவர்களோடு நானும் எழுதியிருக்க வேண்டியது. தப்பித்தது நேர்மையால் அல்ல, அந்த வாரம் எனக்கு மஞ்சள் காமாலை.

ஆக, எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் உண்மையாகவே படிக்க உட்கார்ந்தேன். என் மகளைவிடக் கொஞ்சம் பெரியவனாகத் தெரிந்த ஒரு பையன் வீடியோவில் பாடம் நடத்தினான். புரியாத இடத்தில் நிறுத்தினேன். ஆகவே, நிறுத்தியபடியே இருந்தேன். மூளை, செல்லரித்த பீரோக் கதவு மாதிரி ஒரு பக்கம் சாத்தினால் மறுபக்கம் திறந்தது. காலையில் படித்தது சாயங்காலம் இருக்காது. மகள் பள்ளிவிட்டு வந்து என் குறிப்பு நோட்டைப் பிடுங்கிக் கேள்வி கேட்பாள்.

"தப்பு. நேத்தும் இதே தப்புதான் சொன்னீங்க. மிஸ்ஸா இருந்தா பெஞ்சு மேல ஏத்தியிருப்பாங்க."

"ஏத்துனா இறங்க முடியாதும்மா. முட்டி வலி."

நடுவில் ஒரு நாள் ஒன்று நடந்தது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆறு வருஷமாக நான் வேலையில் தினம் அழுத்திக்கொண்டிருந்த ஒரு பொத்தான் உள்ளே என்ன செய்கிறது என்பது, அந்தப் பையன் பாடத்தில் புரிந்தது. அழுத்தினால் சர்வர் சரியாகிவிடும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஏன் சரியாகிறது என்று தெரிந்தபோது, கொஞ்ச நேரம் வீடியோவை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம்தான். ஆனால் ஆறு வருஷம் தாமதமாக வந்த சந்தோஷம், கல்யாணம் முடிந்த பிறகு வந்து சேர்ந்த பத்திரிகை மாதிரி இருந்தது.

இதற்குள் பங்குனி வந்துவிட்டது. எங்கள் தெரு அம்மனுக்குப் பங்குனிப் பொங்கல். இரண்டாவது செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு. நேர்ந்துகொண்டவர்களின் வலது மணிக்கட்டில், மஞ்சள் நனைத்த கயிற்றில் ஒரு துண்டு மஞ்சளைச் சேர்த்துக் கட்டுவார்கள். அடுத்த புதன்கிழமை தீச்சட்டி எடுத்து முடியும் வரை அதை அவிழ்க்கக் கூடாது. கறி மீன் கூடாது. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

மாமனார் ஓய்வுபெற்ற அரசு பஸ் கண்டக்டர். எதையும் முன்கூட்டியே செய்து முடிப்பவர். காப்புக் கட்டுக்கு முதல் நாள் மாடியேறி வந்தார்.

"மாப்ளே, நீங்க பாஸாகணும்னு ஆத்தாகிட்டச் சொல்லிப்போட்டேன்."

"என்ன மாமா சொன்னீங்க?"

"தீச்சட்டி எடுப்பீயன்னு."

"யாரு?"

"நீங்கதான். நாளைக்குக் காப்புக் கட்டுதாவ. வேட்டி எடுத்து வச்சிருக்கேன்."

"பரீட்சையே இன்னும் எழுதலியே மாமா. பாஸானப்புறந்தான நேர்த்திக்கடன்?"

"ரிசர்வேஷன் மாதிரி மாப்ளே. முன்னாலயே போட்டு வச்சுக்கிடணும். ஃபெயிலாயிட்டா, சட்டி இல்லாமச் சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வந்துருங்க. ஆத்தா ஒண்ணும் நினைக்க மாட்டா."

எனக்குப் பக்தி குறைச்சல், பயம் ஜாஸ்தி. இரண்டுக்கும் ஒரே காப்புதான் கட்டுகிறார்கள். நானும் போய்க் கையை நீட்டினேன்.

பரீட்சை வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, வீட்டிலிருந்தே. இதில் ப்ராக்டர் என்று ஒருவர் இருப்பார். எந்தத் தேசத்திலோ உட்கார்ந்துகொண்டு கேமரா வழியாக நம்மைக் கண்காணிப்பது அவர் வேலை. அறையில் வேறு ஆள் இருக்கக்கூடாது, குரல் கேட்கக்கூடாது, உதடு அசையக்கூடாது. மனைவி அரை நாள் விடுப்புப் போட்டு மாடிப்படியில் காவலுக்கு உட்கார்ந்தாள். குக்கரை அடுப்பிலிருந்து இறக்கிவைத்தார்கள். காஸ் சிலிண்டர் வந்தால் வாசலிலேயே வாயைப் பொத்தி அனுப்ப வேண்டும் என்று முடிவாயிற்று. மாமனாரை மட்டும் காணோம்.

ப்ராக்டர் எழுத்தில் பேசினார். அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். காட்டினேன். கட்டிலுக்கு அடியில் காட்டச் சொன்னார். அங்கே மாமியாரின் ஊறுகாய் ஜாடிகள் மூன்று இருந்தன. என்ன அது என்று கேட்டார். நார்த்தங்காய் என்று எப்படி எழுதுவது என்று தெரியாமல், உணவு என்று எழுதினேன். சட்டைக் கையை ஏற்றி மணிக்கட்டைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

கையில் இருப்பதைக் கழற்றவும் என்று எழுத்து வந்தது.

கழற்ற முடியாது, இது மதச் சடங்குக் கயிறு என்று எழுதினேன்.

கயிறு பரவாயில்லை, அதில் கட்டியிருக்கும் பொருள் என்ன?

மஞ்சள்.

அதற்குள் ஏதேனும் கருவி இருக்கிறதா?

மஞ்சளுக்குள் கருவி வைக்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் இந்தப் பரீட்சையை எழுதுகிறேன் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. இல்லை என்றேன். நிரூபிக்க முடியுமா என்றார். கழற்றினால் மாமனார், கழற்றாவிட்டால் மேனேஜர். கையை வாயருகே கொண்டுபோய், கேமராவைப் பார்த்தபடி, மஞ்சளில் பாதியைக் கடித்தேன். கயிறு அறுபடவில்லை. கடிபட்ட பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டினேன். உள்ளே ஆரஞ்சு நிறம், அவ்வளவுதான். அப்புறம், நன்றி, நீங்கள் தொடரலாம் என்று வந்தது. கடித்ததைத் துப்ப இடமில்லை. விழுங்கினேன்.

அரை மணி நேரம் நன்றாகத்தான் போயிற்று. வாய் கசந்தாலும் கேள்விகள் தெரிந்தவையாக இருந்தன. அந்தப் பொத்தானைப் பற்றியேகூட ஒரு கேள்வி வந்தது. திருவிழாவுக்காகத் தெருக்கோடியில் காலையிலிருந்து மெலிதாக ஓடிக்கொண்டிருந்த பாட்டுச் சத்தம் சட்டென்று நின்றது. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அடுத்த நொடி என் ஜன்னலுக்கு நேரே மின்கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் கனைத்தது.

"பக்தகோடிகளுக்கு ஓர் அறிவிப்பு. நமது தெரு ஓய்வுபெற்ற கண்டக்டர் அண்ணாச்சி அவர்களின் மருமகன் தற்போது மாடியில் கம்ப்யூட்டர் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பதால், பொதுமக்கள் யாரும் சத்தம் போடாமல் அமைதி காக்கும்படி விழாக் கமிட்டி சார்பாகக் கேட்டுக்கொள்கிறோம்."

நம் ஊர் வழக்கப்படி இதை மூன்று தடவை சொன்னார்கள்.

இரண்டாம் தடவையின்போது ப்ராக்டர் எழுதினார். உங்கள் அறையில் வேறொருவர் பேசுகிறார்.

அறையில் இல்லை, தெருவில் என்றேன்.

அவர் என்ன சொல்கிறார்?

பொய் சொல்ல நேரமில்லை. அமைதியாக இருக்கச் சொல்கிறார் என்று எழுதினேன்.

மூன்றாம் தடவை முடிவதற்குள் திரை வெள்ளையாகி, தேர்வு ரத்து செய்யப்பட்டது என்று வந்து நின்றது.

மாமனார் வியர்க்க விறுவிறுக்கப் படியேறி வந்தார். கமிட்டிக்காரர்களிடம் போய்ச் சண்டை போட்டுப் பாட்டை நிறுத்திவிட்டு வந்த பெருமை முகத்தில் இருந்தது.

"எப்படி மாப்ளே? ஒரு காக்கா கத்துச்சா?"

"இல்ல மாமா."

"சொல்லுங்க பின்ன. நான் அங்கனயே நின்னுல்லா பார்த்துக்கிட்டேன்."

"நெட்டு போயிருச்சு மாமா. இன்னொரு தடவை எழுதணும்."

"நெட்டுக்காரன் வெளங்குவானா," என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார். நடந்தது இன்றுவரை அவருக்குத் தெரியாது. பஸ் டைம் டேபிள் தவிர வேறெதையும் அவர் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மனைவி படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். ஸ்பீக்கர் கனைத்தபோதே அவளுக்குப் புரிந்திருக்கிறது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிரிப்பு வரவேண்டிய இடம். இருவருக்கும் வரவில்லை.

"நீங்க சென்னைக்குப் போனாலும் நான் இருந்துக்கிடுவேன். ஒம்பது வருஷம் இருக்கலியா? பழகிரும்." எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டே, "பழகிரும்னுதான் பயமா இருக்கு," என்றாள்.

என்னிடம் ஏழு சான்றிதழ் இருக்கிறது. ஒன்றிலும் இதற்கான பாடம் கிடையாது.

பரீட்சை நடத்துகிறவர்களுக்கு நடந்ததை விளக்கி எழுதினேன். ஒலிபெருக்கி, அம்மன், அமைதி என்று ஒரு பக்கம். இரண்டாம் நாள் பதில் வந்தது. மறுபடி எழுத அனுமதிக்கிறோம் என்றார்கள். என் கதையை நம்பினார்களா, இப்படி ஒன்றைக் கற்பனை செய்ய இவனால் முடியாது என்று விட்டார்களா தெரியவில்லை. ஆனால் வீட்டிலிருந்து எழுத ஏப்ரல் வரை இடம் இல்லை. மதுரையில் ஒரு தேர்வு மையத்தில், திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஓரிடம் இருந்தது. கெடு செவ்வாய்க்கிழமை. காப்பு அவிழ்ப்பது புதன்கிழமை. மதுரை ஊர் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாமனாரிடம் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆத்தாவிடம் வாக்குக் கொடுத்தவர் அவர். போகாதீர்கள் என்று சொல்லவும் அவரால் முடியவில்லை. தன் மகளை மறுபடி தனியாக விட்டுப் போகச் சொல்வதாக ஆகிவிடும். கூடத்தில் இங்கும் அங்கும் நடந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "வாங்க, கேட்டுருவோம்," என்றார்.

கமிட்டித் தலைவர் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி. ஸ்பீக்கரில் என் பரீட்சையை ஊருக்கு அறிவித்த குரலும் அவருடையதுதான். ஒரு சில்வர் அண்டாவைத் தட்டிப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"மதுரைக்கா? எத்தனை மணிக்குத் திரும்புவாரு?"

"சாயங்காலம் வந்துருவாரு அண்ணாச்சி," என்றார் மாமனார்.

"ராத் தங்குவாரா?"

"மாட்டாரு."

"பின்ன என்ன? விளக்கு வைக்கிறதுக்குள்ள எல்லைக்குள்ள வந்துரணும், அம்புட்டுத்தான். மில்லுக்குப் போறவன், சாத்தூருக்கு வேலைக்குப் போறவன் எல்லாம் காப்பைக் கட்டிக்கிட்டுப் போயிட்டுத்தான வாரான். இல்லன்னா எட்டு நாளும் அவன் வீட்ல ஆத்தாவா உலை வைப்பா?" என்றவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "மஞ்சள்ல பாதியக் காணோமே."

"எலி கடிச்சிட்டு," என்றேன்.

"கையில கட்டியிருக்கையிலயா?"

"அசந்து தூங்கிட்டேன்."

அண்ணாச்சி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அண்டாவுக்குத் திரும்பினார். எல்லை தாண்டினால் என்ன ஆகுமோ என்று பதில் வந்ததிலிருந்து செத்துக்கொண்டிருந்தேன். அம்மன் சட்டத்தில் ஆளுக்கும் பிழைப்புக்கும் தக்கபடி இடம் விட்டிருக்கிறார்கள். பரீட்சைக்காரர்களின் சட்டத்தில்தான் ஒரு ஸ்பீக்கருக்குக்கூட இடமில்லை.

திங்கட்கிழமை காலை மாமனார் பஸ் ஸ்டாண்டு வரை வந்து, திரும்பும் பஸ்ஸையும் முடிவு செய்து கொடுத்தார். "மாட்டுத்தாவணியில ரெண்டே முக்காலுக்கு ஒரு வண்டி உண்டு. அதுல ஏறுங்க. அடுத்த வண்டி எல்லா ஸ்டாப்பும் நிக்கும். நம்பாதீய."

மதுரை மையத்தில் கதவருகே ஒரு பெண் உட்கார்ந்து எல்லோரையும் சோதித்துக்கொண்டிருந்தாள். சாவி, செல்போன், பெல்ட், கைக்குட்டை எல்லாவற்றையும் பெட்டியில் வைக்கச் சொன்னாள். என் முறை வந்தது. மணிக்கட்டைக் காட்டினேன். மிச்சம் இருக்கிற மஞ்சளையும் தின்னத் தயாராக இருந்தேன்.

"எந்த ஊர் காப்புண்ணே?"

"கோவில்பட்டி."

"எங்க தெருவுலயும் கட்டியாச்சு," என்று கயிற்றை ஒரு விரலால் தள்ளி அடியில் பார்த்துவிட்டு, "போங்க. ஏழாம் நம்பர் சீட்டு," என்றாள்.

தேர்ச்சிக்கு ஆயிரத்தில் எழுநூறு வேண்டும். எனக்கு எழுநூற்றுப் பதினொன்று. திரையில் அதைப் பார்த்ததும் துள்ளவில்லை. கண்ணைத் துடைக்கவும் இல்லை. முட்டி வலித்தது. பெட்டியிலிருந்து பெல்ட்டை எடுத்து மாட்டியபோது வழக்கமான துளைக்கு உள்ளே ஒரு துளை போயிற்று. மூன்று மாதத்தில் இளைத்திருந்தேன், அந்தப் பரீட்சையால் கண்ட நேரடி லாபம் அது.

ரெண்டே முக்கால் வண்டியைப் பிடித்தேன். மாமனார் ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் போன் பண்ணினார்.

"எங்கன வாரீங்க?"

"விருதுநகர் மாமா."

"அஞ்சு நிமிஷம் லேட்டு. டிரைவர் டீ குடிக்க இறங்கினானா?"

"ஆமா."

"அவன் பேரக் கேட்டு வைங்க."

சாத்தூர் தாண்டியதும் இருபக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. பருத்தி எடுத்து முடிந்த செடிகள் வெறும் மாராகக் காய்ந்து நின்றன. பஸ் ஊருக்குள் நுழைந்தபோது வெயில் இன்னும் இருந்தது. மாமனார் ஸ்டாண்டில் காத்திருந்தார். முதலில் என் கையைப் பிடித்துக் கயிற்றைப் பார்த்தார். பிறகு வாட்சைப் பார்த்தார். இரண்டும் திருப்தியான பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

"ஆச்சா?"

"ஆச்சு மாமா."

"அப்பச் சட்டி உண்டு," என்றார்.

மனைவியிடம் சொன்னபோது பள்ளி விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். எத்தனை மார்க் என்று கேட்டாள். சொன்னேன். "ஜஸ்ட் பாஸ்," என்று சிவப்புப் பேனாவை மூடினாள். மூடின பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

மேனேஜருக்குச் சான்றிதழை அன்றைக்கே அனுப்பிவிட்டேன். செவ்வாய் முழுக்கப் பதில் இல்லை. புதன்கிழமை காலையில், தெருவில் கொட்டுச் சத்தம் ஆரம்பித்த பிறகு வந்தது. வாழ்த்துகள், புதிய பிராஜெக்டில் சேர்க்கப்பட்டிருக்கிறீர்கள் என்று தொடங்கி, செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் இருந்தது. முழுக்கப் படித்தேன். பழைய பிராஜெக்டில் நான் பார்த்த அதே வேலை. அதே பொத்தான். பரீட்சைக்குப் படித்த மற்ற நூற்றுக்கணக்கான சங்கதிகளில் ஒன்றுகூட அங்கே தேவைப்படாது. அதற்குக் கீழே, மறு உத்தரவு வரும் வரை வீட்டிலிருந்தே பணிபுரியலாம் என்று ஒரே ஒரு வரி.

மஞ்சள் வேட்டியைக் கட்டிக்கொண்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். மனைவி வந்து போனை வாங்கிப் படித்தாள்.

"மறு உத்தரவு வரும் வரைன்னா போட்டிருக்கு?"

"அதான் பார்க்கேன்."

"எங்க டிபார்ட்மென்டுல அப்படிப் போட்டா ரிட்டயர்டு ஆகுற வரைக்கும்னு அர்த்தம்."

"எங்க கம்பெனில திங்கட்கிழமை வரைக்கும்னு அர்த்தம்."

அவள் போனை என் கையில் கொடுக்காமல் மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"திங்கட்கிழமைக்கு இன்னும் அஞ்சு நாள் கெடக்குல்லா. வாங்க, அப்பா கீழ கத்துதாவ."

கீழே இறங்கினேன். மாமனார் சட்டியில் கங்கு போட்டு, அடியில் வேப்பங்குலை சுற்றித் தயாராக வைத்திருந்தார். மகள் என் கால்களைப் பார்த்து, "செருப்பப் போட்டுக்கிட்டா சாமிக்குப் போறீங்க?" என்றாள். கழற்றிவிட்டு, சட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். தார் ரோடு அதற்குள்ளேயே சுட்டது.